பொருந்தாத வேலையும் லயத்து வீடும்

ஒருவர் பத்தாண்டுகள் பார்த்த வேலையை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போகிறேன் என்றால், நம்மவர்கள் உடனே சொல்வது, "நிலையில்லாத புத்தி" என்பதுதான். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமானாலும் சரி, மூணாறு, பீர்மேடு மலைகளானாலும் சரி, இந்தத் தீர்ப்பில் வேறுபாடு இல்லை. ஆனால், பொருந்தாத தொழிலில் ஆயுளைக் கழிப்பதை விட, பொருந்தவில்லை என்பதைக் காலத்தோடு உணர்ந்து மாறிக்கொள்வதே விவேகம்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன், நடிகராகும் ஆசையோடுதான் சினிமாவுக்குப் போனார். நடிப்பு கைகூடவில்லை. ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்தார். அங்கே எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசையை அருகிலிருந்து கேட்டார். பிறகு சி.ஆர். சுப்பராமனிடம் ஆர்மோனியம் வாசித்தார். 1952-ல் சுப்பராமன் காலமானபோது, அவர் விட்டுச்சென்ற பட வேலைகளை ராமமூர்த்தியுடன் சேர்ந்து முடித்துக் கொடுத்தார். அதே ஆண்டில் 'பணம்' படத்துக்கு இருவரும் இசையமைத்தனர். நடித்தே தீருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால், தமிழகத்துக்கு ஒரு மெல்லிசை மன்னர் கிடைத்திருக்க மாட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடிப்பு கைநழுவியபோது, வயிற்றுப்பாட்டுக்கு அவருக்கு ஒரு வேலை இருந்தது. சிறிய வேலைதான், ஆனால் காலூன்றி நிற்க அது இடம் தந்தது.

அந்த இடம்தான் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு இல்லை. தொழிலாளிக்கு வீடு தரும் பொறுப்பை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் மீது வைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். எனவே, தாய் ஓய்வு பெறும் நாள் நெருங்கும்போது, வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே மகனோ மருமகளோ எஸ்டேட்டில் பெயர் பதிய வேண்டியதாகிறது. கொழுந்து எடுக்கும் வேலை அவருக்குப் பொருந்துமா என்று கேட்பாரில்லை. பொருந்தவில்லை என்று அவர் சொன்னால், தெருவுக்கு வருவது அவர் மட்டுமல்ல, குடும்பமே.

2000-ஆம் ஆண்டையொட்டி பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது நிலைமை இன்னும் தெளிவாயிற்று. வேலை போய்விட்டது, ஆனாலும் பல குடும்பங்கள் ஒழுகும் லயங்களிலேயே கிடந்தன. போவதற்கு வேறு கூரை இல்லை. புதிய தொழில் தேட முதலில் வேண்டியது தைரியம் அல்ல, தங்க ஓர் இடம் என்பதை இதைவிட எப்படி விளக்குவது?

படிப்பில் இப்போது ஓரளவு நெகிழ்வு வந்திருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024-ல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில், முதலாண்டு முடிவில் முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொள்ள வழி உண்டு. கல்லூரி அனுமதிக்கும் மாற்றத்தைப் பெற்றோர் தடுக்கலாமா? பிள்ளை தயங்கிச் சொல்லும்போது, கட்டிய பணத்தைக் கணக்குப் பார்க்காமல், இனி வீணாகப்போகும் ஆண்டுகளைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரியது. தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெறுவோருக்கு, வேலையைச் சாராத சொந்த மனையும் வீடும் தேவை. யூனியன்கள் கூலிக்கும் போனசுக்கும் குரல் கொடுப்பதைப் போலவே இதற்கும் குரல் கொடுக்க வேண்டும். மகன் எஸ்டேட்டிலேயே இருக்க விரும்பினால் இருக்கட்டும். ஆனால் அது அவன் தேர்ந்தெடுத்த வேலையாக இருக்க வேண்டும். வீட்டு வாடகைக்கு ஈடாக அவனுடைய வாழ்நாளை எழுதி வாங்கியதாக இருக்கக்கூடாது.