கூலிப்படையும் சனிக்கிழமைச் சம்பளமும்



பேப்பரில் 'கூலிப்படை' என்று தலைப்பு வந்தால் நாம் என்ன நினைப்போம்? காசுக்கு வெட்டுகிற கும்பல், அவ்வளவுதான். எனக்கு மட்டும் அந்த வார்த்தை கொஞ்சம் உறுத்தும். டிப்ளமோ சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியவன் நான். எழுதிவிட்டு, பின்னால் நின்றவர் பார்த்துவிடக் கூடாதே என்று கையால் மறைத்துக்கொண்டேன். இன்றைக்கு மறைக்க மாட்டேன். மனசு மாறியதற்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டும் ஒரு காரணம் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்!

போன தீபாவளி லீவில் நண்பன் வீட்டில் 'பேட்டில் பிரதர்ஸ்' என்ற விளையாட்டை ஆடினேன். ஜெர்மனிக் கம்பெனி ஒன்று 2017-ல் வெளியிட்டது. வாளும் ஈட்டியுமாக இருந்த பழைய ஐரோப்பா மாதிரி ஒரு நாடு. நாம் ஒரு கூலிப்படைக்குத் தலைவன். மூன்று பேரோடு ஆரம்பிக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கணும், வேலை பேசணும், பேரம் பண்ணணும். சண்டை தாயம் மாதிரி முறை வைத்து நடக்கும். செத்தவன் செத்தவன்தான், திரும்ப வர மாட்டான்.

ஆனால் விளையாட்டின் உயிர் சண்டையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் தினக்கூலி உண்டு. அனுபவம் ஏற ஏறக் கூலியும் ஏறும். சாப்பாடு, மருந்து, ஆயுதம் பழுது பார்க்கிற சாமான் எல்லாம் நம் பொறுப்பு. காசோ சோறோ தீர்ந்தால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அப்புறம் ஒருவர் ஒருவராகப் போய்விடுவார்கள்.

ஆள் சேர்க்கிற பட்டியலில் பழைய போர்வீரன் இருப்பான், விலை அதிகம். பண்ணையாள், மீனவர், கொத்தனார் எல்லாம் இருப்பார்கள். ரொம்ப மலிவு யார் தெரியுமா? அன்றாடக் கூலியாள்! நான் என்ன பண்ணினேன்? மலிவாக நாலு கூலியாளைச் சேர்த்தேன். கவசம் வாங்கித் தரவில்லை. கையில் ஒரு கட்டையைக் கொடுத்து முன் வரிசையில் நிறுத்தினேன். அவர்கள் அடி வாங்குவார்கள், என் நல்ல வீரர்கள் பிழைப்பார்கள். சாயங்காலம் கூலி கொடுக்கிற செலவும் மிச்சம்! 'சூப்பர் ஐடியா மச்சி' என்று நண்பன் முதுகில் தட்டினான். எனக்கும் பெருமைதான்.

ராத்திரி அரியூருக்கு வந்து படுத்தபோதுதான் உறைத்தது. அந்தப் பட்டியலில் நான் மலிவாக வாங்கினது யாரை? என் அப்பாவை!

அப்பா காங்கிரீட் செட்டில் வேலை செய்கிறவர். நான் பத்தாவது படிக்கும்போது நடந்தது இது. ஒரு காண்டிராக்டர் மூணு சனிக்கிழமையாகக் கூலி தரவில்லை. 'திங்கட்கிழமை தளம் போடணும், முடிச்சதும் மொத்தமா வாங்கிக்கங்க' என்றார். திங்கட்கிழமை காலையில் கலவை மிஷின் வந்து நின்றது, ஜல்லி நின்றது, செட்டில் ஒருத்தரும் போகவில்லை. தளம் ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஒட்டு விழும், அங்கேதான் தண்ணீர் கசியும் என்று நமக்கெல்லாம் பாடத்திலேயே உண்டு. அன்றைக்கு எனக்கு அப்பா மேல்தான் கோபம். "ஏம்ப்பா, வரேன்னு சொல்லிட்டுப் போகாம இருக்கலாமா?" என்றேன். "சொன்ன சொல்லு ரெண்டு பேருக்கும் பொதுவுடா தம்பி. அவரு மூணு வாரமா மீறுனாரு, நாங்க ஒரு நாள் மீறுனோம்" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

இது புதுசா? இல்லை நண்பர்களே, நம்ம மண்ணிலேயே பழைய கதை. 1758-ல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். வீரர், சந்தேகமில்லை. சீக்கிரமே கடலூரில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார். ஆனால் மூட்டை தூக்க ஆள் ஏற்பாடு செய்யாமல் கிளம்பி, ஊர் ஜனங்களைப் பிடித்துச் சுமக்க வைத்தார். கஜானா காலி. பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டித் தஞ்சாவூர் ராஜாவிடம் பணம் கேட்டு முற்றுகை போட்டார், அதுவும் பலிக்கவில்லை. சென்னையை முற்றுகை போட்டதும் 1759 பிப்ரவரியில் தோல்வியில் முடிந்தது. அதே வருஷம் அக்டோபரில் வந்தவாசியில் அவருடைய சொந்த ஐரோப்பியச் சிப்பாய்களே சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்தார்கள். தங்களுக்குள்ளேயே தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தனியாகப் போய் முகாம் போட்டார்கள். பாக்கியில் ஒரு பகுதி கைக்கு வந்து, மன்னிப்பும் தருவதாகச் சொன்ன பிறகுதான் திரும்பினார்கள். மூணு மாதம் கழித்து, 1760 ஜனவரி 22-ல், அதே வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி கூட் அவரைத் தோற்கடித்தார்.

அப்புறம் லாலி மைசூர்ப் படையைத் துணைக்குக் கூப்பிட்டார். அதற்கு விலையாகத் தியாகதுர்க்கம் கோட்டையைக் கொடுத்தார். 1760 ஜூலையில் கூட் நம்ம வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்ததும், தோற்கிற பக்கம் நமக்கெதற்கு என்று மைசூர்ப் படையும் விலகிப் போய்விட்டது. புதுச்சேரி பட்டினி கிடந்து 1761 ஜனவரியில் சரணடைந்தது. தினமும் நாம் பஸ்ஸில் கடக்கிற வில்லியனூரில் நடந்த கதை இது!

'காசுக்கு வந்தவன் காசு தீர்ந்தால் ஓடத்தான் செய்வான். அதனால்தான் பெரியவர்கள் மூலப்படையை உசத்தியாகவும் கூலிப்படையைத் தாழ்வாகவும் சொன்னார்கள்' என்று ஒரு நண்பர் வாதாடினார். நியாயமான கேள்விதான். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் படையை ஆறு வகையாகப் பிரித்து, மூலப்படையைத்தான் சிறப்பாகச் சொல்கிறார். ஆனால் இலங்கையில் பொலன்னறுவையைப் பாருங்கள். அங்கே முதலாம் விஜயபாகு மன்னனிடம் வேளைக்காரர் என்ற தமிழ்க் கூலிப்படை இருந்தது. சோழர் மேல் சண்டைக்குப் போகச் சொன்னதும், சொந்த இனத்தோடு போரிட மாட்டோம் என்று கலகம் செய்து அரண்மனையைக் கொளுத்தினார்கள். மன்னன் கொடுமையாக அடக்கினான். ஆனால் அதே வேளைக்காரர்கள்தான், அவன் காலத்துக்குப் பின், புத்தரின் பல் வைத்திருந்த கோயிலைத் தாங்கள் காப்பதாகப் பொறுப்பேற்றார்கள். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் பொலன்னறுவையில் நிற்கிறது. கூலிக்காரனுக்கு விசுவாசமே கிடையாது என்றால் அந்தப் பொறுப்பு அவர்கள் கைக்கு வந்திருக்குமா?

என் கருத்து இதுதான். கூலி வாங்குவது இழிவு இல்லை. வேலை வாங்கிக்கொண்டு கூலியை நிறுத்துவதுதான் இழிவு. படை கலைந்தால் 'ஆள் சரியில்லை' என்று சொல்வதற்கு முன்னால் தலைவனின் கணக்கு நோட்டைப் பார்க்க வேண்டும்.

இதை நமக்கு ஏன் சொல்கிறேன்? இன்னும் சில மாதத்தில் நாம் வெளியே போகிறோம். சிலர் காண்டிராக்டில் வேலைக்குச் சேர்வோம், சிலர் சைட் சூப்பர்வைசர் ஆவோம். அப்பா செட்டு மாதிரி பத்துப் பேர் நம் கையெழுத்தை நம்பி நிற்பார்கள். மஸ்டர் ரோலில் ஒருவர் பெயரை விட்டுவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. காண்டிராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த முதலாளியே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். இந்த விஷயம் அப்பாவுக்கும் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது. பாலத்துக்குக் கம்பி கணக்குப் போடச் சொல்லித் தருகிறார்கள், நல்லது. கூலிக் கணக்குப் போடவும் யாராவது சொல்லித் தர வேண்டாமா? நம் மாணவர் பேரவை வருஷத்துக்கு ஒரு நாளாவது மஸ்டர் ரோல், சம்பளச் சீட்டு, பி.எஃப். பற்றி விவரம் தெரிந்தவரை அழைத்து வகுப்பு நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த விளையாட்டைத் திரும்பவும் முதலிலிருந்து ஆடினேன். இந்த முறை கூலியாளுக்கும் கவசம், தலைக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். பணம் சேர ரொம்ப நாள் ஆனது. நண்பன் 'உனக்கு விளையாடத் தெரியலடா' என்றான். இருக்கட்டும். முதல் முறை செத்துப்போன அந்தக் கூலியாட்களில் ஒருவர், இந்த முறை என் படையின் முன் வரிசையில் நிற்கிற பெரிய வீரர்!

தந்தையின் தொழில்: கூலி. இனி எந்த விண்ணப்பத்திலும் இதைக் கை மறைக்காமல் எழுதுவேன். நாளை நீங்கள் சூப்பர்வைசர் ஆனால், நண்பர்களே, சனிக்கிழமையை மறந்துவிடாதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு, அரியூர்