உறைப்பு ஊருக்கு, எரிச்சல் நமக்கா?



காலையில் பழைய சோற்றுக்கு வறுத்த வத்தல். மத்தியானம் குழம்புக்கு அரைத்த வத்தல். ராத்திரி இட்லிக்குப் பொடி. பிள்ளைக்குக் கண்ணேறு பட்டால் சுற்றி அடுப்பில் போடவும் அதே வத்தல்தான். மிளகாய் இல்லாத ஒரு நாளை நம்ம வீட்டில் யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா? கண்ணுல தண்ணி வரும், மூக்கு ஒழுகும், "எரியுதே" என்று செம்பைத் தேடுவோம். அடுத்த நிமிசமே "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்போம். அழ வைத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்கிற பொருள் இது.

நாடே இவ்வளவு ஆசையாகத் தின்கிற பொருளை விளைய வைக்கிறவன் மட்டும் ஏன் வருசா வருசம் கடன்காரனாகவே நிற்கிறான்? இதுதான் நம்ம கேள்வி.

மிளகாய் நம்ம மண்ணில் பிறந்தது இல்லை. அதன் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கி ஏறக்குறைய 500 வருசம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் நம்ம முன்னோர் காரத்துக்கு மிளகையும் திப்பிலியையும் இஞ்சியையும் நம்பி இருந்தார்கள். வந்த காய்க்கும் மிளகின் பெயரையே வைத்து மிளகாய் என்றார்கள். மிளகு மலையில் விளையும், விலை அதிகம். மிளகாய் ஏழையின் காட்டிலேயே விளைந்தது. ஏழையின் சோற்றுக்கும் ருசி வந்தது. இன்றைக்குக் காய்ந்த மிளகாயை உலகத்திலேயே அதிகம் விளைவிப்பது இந்தியா, அதிகம் தின்பது இந்தியா, அதிகம் ஏற்றுமதி செய்வதும் இந்தியாதான்.

இந்த எரிச்சல் எங்கே இருந்து வருகிறது? விதையில் இருந்து என்று பலபேர் நினைக்கிறோம். இல்லை. விதையைப் பிடித்திருக்கும் வெள்ளை நரம்பில்தான் காரம் ஊறுகிறது. அதன் பெயர் கேப்சைசின். நாக்கில் சூட்டை உணரும் நரம்பை அது தட்டிவிடுகிறது. நிஜமாக எதுவும் வேகவில்லை, ஆனால் மூளை நெருப்பு என்று நம்பிவிடுகிறது. இந்த சங்கதியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2021இல் நோபல் பரிசே கிடைத்தது.

தின்கிறவனுக்கு அது பொய்ச்சூடு. பழம் எடுக்கிற பெண்ணுக்கு அப்படி இல்லை. பங்குனி வெயிலில் நாள் முழுக்கப் பறித்து, காம்பு கிள்ளி, களத்தில் கிண்டிவிட்டு வருகிறவள் ராத்திரி கையை எங்கே வைத்துப் படுப்பாள்? தண்ணீரில் கழுவினால் அந்தக் காரம் போகாது, எண்ணெயில்தான் கரையும். எண்ணெய் தடவிக்கொண்டு, பிள்ளையைத் தொடப் பயந்து படுக்கிற தாய்மார்கள் நம்ம ஊரில் எத்தனை பேர்! அந்த எரிச்சலுக்கு எந்தச் சீட்டிலும் விலை எழுதப்படவில்லை.

ராமநாதபுரம் சீமையின் முண்டு வத்தலை எடுத்துக்கொள்வோம். கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை. வானத்தைப் பார்த்து விதைத்து, மழை பெய்தால் முளைக்கும், காய்ந்தால் போச்சு, பெய்து கெடுத்தாலும் போச்சு. உருண்டு திரண்டு, தோல் தடித்து, நல்ல நிறமும் மணமுமாக வருகிற இந்த வத்தலுக்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நாமும் தட்டினோம். ஆனால் தோழர்களே, புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், விலையைக் காக்காது! வேறு ஊர் சரக்கை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று தடுக்கும், அவ்வளவுதான். அந்த முத்திரையை நாமே போட்டு விற்கவும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். நம்ம கிளையில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்? கையைத் தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

இப்போது சந்தைக்கு வருவோம். நம்ம உறுப்பினர் ஒருவர், புருசனை இழந்த அம்மா, மூன்று சாக்கு வத்தல் கொண்டுபோனார். கமிஷன் கடையில் ஒவ்வொரு சாக்கிலும் கைவிட்டு அள்ளி "சாம்பிள்" என்று ஓரமாகக் கொட்டினார்கள். அள்ளியது திரும்பி வரவில்லை. "ஈரம் இருக்கு" என்று எடையில் கழித்தார்கள். பிறகு சாக்குக் கழிவு, தரகு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. விதைப்புக்கு வாங்கிய முன்பணத்தையும் பிடித்துக்கொண்டு, மிச்சத்துக்கு "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார்கள். அந்த அம்மா பேருந்துக்குக் காசு கேட்டு நின்றதை நாம் கண்ணால் பார்த்தோம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கடைக்குப் போய் நூறு கிராம் மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தின் விலையைப் பாருங்கள். பத்தால் பெருக்குங்கள். உங்க வீட்டில் இருக்கும் கமிஷன் சீட்டை எடுத்து, ஒரு கிலோவுக்கு உங்களுக்கு வந்த விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். அரைக்கிற கூலி உண்டு, வண்டி வாடகை உண்டு, மறுக்கவில்லை. அதையெல்லாம் கழித்த பிறகும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் தெரிகிறதே, அதில் விழுந்து கிடப்பது யார்?

விலை ஏன் விழுகிறது? அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கிறோம். வைத்து விற்க வழி இல்லை. கடன் கழுத்தைப் பிடிக்கிறது, வீட்டில் வைத்தால் நிறம் மங்குகிறது. வாங்குகிறவனுக்கு அவசரம் இல்லை, குளிர்பதனக் கிடங்கில் வைத்துக் காத்திருக்க அவனால் முடியும். போதாக்குறைக்கு குண்டூர் சந்தையில் விலை சரிந்தால் அதைக் காரணம் காட்டி இங்கேயும் அடிக்கிறார்கள்.

மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் மிளகாய் இல்லை. அதனால் என்ன நடந்தது தெரியுமா? 2017இல் விலை பாதாளத்துக்குப் போனது. தெலங்கானாவில் கம்மம் சந்தையில் ஏப்ரல் மாதம் விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். கைதான விவசாயிகளை மே மாதம் கைவிலங்கு மாட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். வத்தல் விளைவித்த கைக்கு விலங்கு! அந்த மே மாதத்தில்தான் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டாலுக்கு 5,000 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. 2025 பிப்ரவரியில் மறுபடி விலை விழுந்தபோது ஆந்திர மிளகாய்க்குக் குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்று அறிவித்தது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. இந்தத் திட்டம் தானாக வராது. மாநில அரசு கேட்க வேண்டும், நட்டத்தில் பாதியை ஏற்கவும் வேண்டும். மாநில அரசு எப்போது கேட்கும்? நாம் தெருவுக்கு வந்தால் கேட்கும்! விலை விழுந்து, வத்தலும் கைமாறிய பிறகு வரும் அறிவிப்பால் வியாபாரிக்குத்தான் லாபம். ஆகவே விலை விழும் முன்பே கேட்க வேண்டும்.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லாமல் விட மாட்டோம். எடைக்காகத் தண்ணி தெளிப்பது, தார் ரோட்டிலும் மண்ணிலும் காயப் போடுவது, நல்லதோடு வெள்ளை வத்தலைக் கலப்பது, இதெல்லாம் நம்மில் சிலர் செய்வதுதான். ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது, வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்புகிறான். 2003இல் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன மிளகாய்ப் பொடியில் சூடான் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. சாயம் கலந்தது விவசாயி இல்லை, ஆனாலும் கெட்ட பெயர் நம்ம மிளகாய்க்கு. நம்ம சரக்கு சுத்தமாக இருந்தால்தான் நம்ம குரல் சத்தமாக இருக்கும். ஒரு தார்ப்பாய் விரித்துக் காயப் போடுவதில் இருந்து தொடங்குவோம்.

அரசிடம் நாம் கேட்பது இவைதான்:

1. சாகுபடிச் செலவைக் கணக்கிட்டு மிளகாய்க்கு அடிப்படை விலை அறிவிக்க வேண்டும். அறுவடை தொடங்கும் முன்பே சந்தைத் தலையீட்டுத் திட்டத்துக்கு மாநில அரசு எழுத வேண்டும்.

2. ஊருக்கு ஒரு உலர்களம். எட்டுகிற தூரத்தில், சிறு விவசாயியின் நாலு சாக்குக்கும் இடம் தரும் குளிர்பதனக் கிடங்கு.

3. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வத்தலை வைத்தால் அன்றைக்கே பொருளீட்டுக் கடன்.

4. சாம்பிள், கழிவு என்ற பெயரில் அள்ளுவதை நிறுத்த வேண்டும். மின் தராசு, கையில் சீட்டு, விற்ற அன்றே பணம்.

5. புவிசார் குறியீட்டுப் பதிவைக் கிராமத்துக்கே வந்து முகாம் போட்டு, செலவில்லாமல் செய்து தர வேண்டும்.

தோழர்களே! மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நாம் தனித்தனியாக மனுவோடு போக வேண்டாம். ஊர் ஊராகச் சேர்ந்து போவோம். ஒவ்வொருவரும் ஒரு கை வத்தலும், ஒரு கமிஷன் சீட்டும் கொண்டு வாருங்கள். பெண்கள் கட்டாயம் வர வேண்டும், எரிந்த கை அவர்களுடையதுதான். வத்தலை மேசையில் வைப்போம். சீட்டைப் பக்கத்தில் வைப்போம். இந்த விலைக்கு நீங்கள் விளைவித்துத் தருவீர்களா என்று கேட்போம்.

மிளகாயைக் கடித்தவனுக்குத்தான் உறைக்கும். ஒன்று சேர்ந்து கேட்டால் அரசுக்கும் உறைக்கும்!

வாருங்கள்! திரண்டு வாருங்கள்!