எனக்கு ஹேமா ஒத்துவராது

என்னுடைய நண்பிகளுக்கு இது இப்போது ஒரு பகிடி. "ஹேமாவோட உனக்கு என்னடி பிரச்சினை?" என்று கேட்பார்கள். எங்கள் தமிழ் வகுப்பில் இரண்டு ஹேமாக்கள் இருந்தார்கள், அவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் சொல்லும் ஹேமா, ஜெல் நெயில் பொலிஷுக்குள் இருக்கும் ஒரு இரசாயனம். முழுப்பெயர் ஹைட்ரொக்சிஎதில் மெதாக்ரிலேட். அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் ஹேமா என்று வரும்.

போன வருடம் மச்சாளின் கலியாணம். லவாலில் ஹோல் எடுத்திருந்தார்கள். கலியாணத்துக்கு இரண்டு நாளைக்கு முதல், எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் நாலு பேருக்கு நான்தான் நகம் போட்டேன். சலூனில் ஒரு ஆளுக்கு ஐம்பது டொலருக்குக் குறையாது, நாலு பேருக்கு இருநூறு. ஒன்லைனில் வாங்கிய பெட்டி, லைற்றோடு சேர்த்து முப்பது டொலர்தான். கணக்குப் பார்த்தால் நான் கெட்டிக்காரி. வழிந்த ஜெல்லை என் விரலாலேயே துடைத்தேன். நகத்தைச் சுற்றித் தோலில் பட்டதை அப்படியே லைற்றுக்குள் வைத்தேன். படங்களில் எல்லோருடைய கையும் வடிவாகத்தான் இருந்தது.

மூன்று கிழமை கழித்து என் விரல் நுனிகள் கடிக்கத் தொடங்கின. பிறகு வெடித்தன. அது பெப்ரவரி, வெளியே மைனஸ் இருபது, வீட்டுக்குள் ஹீற்றர். மொன்றியலில் யாருடைய கைதான் வெடிக்காது? வஸ்லின் பூசினேன். வெடிப்பு தெரியாமல் இருக்க மேலே இன்னொரு முறை ஜெல் போட்டேன். அதற்குப் பிறகு கண் இமை வீங்கியது. அம்மா அதைக் கிரந்தி என்று முடிவு கட்டினார். கத்தரிக்காய், கணவாய், றால் எல்லாம் நின்றது. மூன்று கிழமை பருப்பும் சோறும் சாப்பிட்டேன். இமை அப்படியேதான் இருந்தது.

கடைசியில் தோல் டொக்டர் முதுகில் பாட்ச் டெஸ்ட் செய்தார். திங்கட்கிழமை ஒட்டினால் புதன் கழற்றிப் பார்ப்பார்கள், வெள்ளி திரும்பப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது. ஹேமா ஒட்டிய இடம் சிவந்து தடித்திருந்தது. "இது இனி வாழ்நாள் முழுக்க இருக்கும்" என்றார் டொக்டர். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

ஜெல் என்பது பொலிஷ் இல்லை

இதை எனக்கு யாரும் முதலே சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். சாதாரண நெயில் பொலிஷ் காய்வது, அதிலுள்ள திரவம் ஆவியாகிப் போவதால். ஜெல் அப்படி இல்லை. அதற்குள் மெதாக்ரிலேட் வகைச் சின்ன மூலக்கூறுகள் இருக்கின்றன. யூ.வி. அல்லது எல்.ஈ.டி. வெளிச்சம் பட்டதும் அவை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய வலையாகி இறுகுகின்றன. முழுதாக இறுகிய ஜெல் பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். இறுகாத ஜெல் தோலில் படுவதுதான் ஆபத்து. அந்தச் சின்ன மூலக்கூறுகள் தோலுக்குள் போகும், உடம்பு அவற்றை எதிரி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கொஞ்சம் பட்டாலே போதும்.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2012இல் அக்ரிலேட்டை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 2018இல் பிரித்தானியத் தோல் மருத்துவர் சங்கம் வீட்டு ஜெல் பெட்டிகளைப் பற்றி எச்சரித்தது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் ஒவ்வாமைக்காகப் பரிசோதித்தவர்களில் 2.4 வீதம் பேருக்கு இந்த வகை இரசாயனங்கள் ஒத்துவரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, ஹேமா உள்ள நகப்பூச்சு தொழில்முறையாளர் பாவனைக்கு மட்டும் என்று பெட்டியில் எழுதவேண்டும். ஜெல்லை இறுக வைக்கும் ரி.பி.ஓ. என்ற இன்னொரு பொருளை, இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடியது என்ற வகைப்படுத்தலால், 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடை செய்துவிட்டார்கள். கனடாவில் மெதில் மெதாக்ரிலேட் நகப் பொருட்களில் தடை.

"நகத்தில் ஒரு ஒவ்வாமை, போகட்டுமே" என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் இதே குடும்பத்து இரசாயனங்கள் பல் அடைக்கும் வெள்ளைப் பசையிலும், பிரேஸ் ஒட்டும் பசையிலும், முழங்கால் மாற்றும்போது பாவிக்கும் எலும்புச் சீமெந்திலும் இருக்கின்றன. சீனி வருத்தக்காரர் கையில் ஒட்டும் சில சென்சர்களின் பசையிலும் இருந்திருக்கின்றன. எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சீனி, அம்மம்மாவுக்குச் சீனி. எனக்கும் ஒரு நாள் வரலாம். இப்போது பல் டொக்டரிடம் போனால் வாயைத் திறக்க முதல் இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

"சொன்னனாங்கள்தானே"

உண்மையில் எனக்குக் கோபம் பெட்டி மேல் மட்டும் இல்லை. விரல் வெடித்ததை இரண்டு மாதம் நான் ஒளித்தேன். ஏன்? சொன்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "ஸ்ரைல் காட்ட வெளிக்கிட்டால் உப்பிடித்தான்." "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்தானே." சித்தி ஒருத்தி, "உந்தக் கையோட சமைக்கேலுமே?" என்பார்.

அழகுக்கு ஆசைப்பட்டது பிழை என்று நான் நம்பவில்லை. அம்மம்மா பத்து விரலுக்கும் மருதோண்டித் தொப்பி போட்டுக்கொண்டு இரவு முழுக்கக் கையை அசைக்காமல் படுத்தவர்தான். நகத்தில் ஏறிய மருதோண்டிச் சிவப்பு, நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை போகாது. விரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் அளவுதான் வளரும், ஆகவே அந்தச் சிவப்புக்கு ஆறு மாத ஆயுள். அது மட்டும் எப்படி ஸ்ரைல் இல்லாமல் போகும்?

என்னுடைய பிழை, தெரியாத ஒரு பொருளை விளையாட்டாக எடுத்தது. பெரியவர்களுடைய பிழை, ஏசியே எங்களை ஒளிக்கப் பழக்கியது. இரண்டும் சேர்ந்துதான் என் விரலைக் கெடுத்தன. முதல் கிழமையே ஒரு பார்மசிஸ்ற்றிடமாவது கையைக் காட்டியிருந்தால், இரண்டாம் முறை ஜெல் போட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் விளங்கியது. சலூன்காரர் கேட்கும் ஐம்பது டொலர் வர்ணத்துக்கு இல்லை, தோலில் படாமல் பூசும் கைக்கு. மொன்றியலில் வியட்நாமிய அக்காமார் நடத்தும் நக சலூன்கள் நிறைய. வட அமெரிக்காவில் இந்தத் தொழில் அவர்கள் கைக்கு வந்ததும் ஒரு அகதிக் கதைதான். 1975இல் கலிபோர்னியாவில் ஒரு அகதி முகாமில் இருந்த இருபது வியட்நாமியப் பெண்களுக்கு, நடிகை ரிப்பி ஹெட்றன் தன்னுடைய நகக்காரியைக் கூட்டிவந்து தொழில் பழக்கினார். அங்கிருந்து பரவியது. 1983க்குப் பிறகு வந்து கோப்பை கழுவி, தையல் பக்டரியில் நின்ற எங்கள் ஆட்களுக்கு, கைத்தொழிலின் பெறுமதியை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதை நான் முப்பது டொலரில் வாங்கலாம் என்று நினைத்தேன்.

அப்ப வீட்டில் என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான்: டிசைனுக்கு ஜெல் தேவையில்லை. ஜெல் தருவது இரண்டு கிழமை ஆயுளும் மினுக்கமும் மட்டும். டிசைன் உங்கள் கையில் இருக்கிறது. கீழே உள்ள ஐந்தையும் நான் இப்போது சாதாரண பொலிஷில்தான் போடுகிறேன். பல்லுக்குத்தும் குச்சி, தலைக்கிளிப்பின் உருண்டை முனை, மெல்லிய தூரிகை, இவ்வளவும் போதும்.

1. புள்ளிக் கோலம்: செம்மண் நிறத்தில் அடிப்பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பிறகு கிளிப் முனையால் வெள்ளைப் புள்ளிகள்: மூன்று, இரண்டு, ஒன்று. வளைகோடு இழுக்க ஆசை என்றால் மோதிர விரலில் மட்டும் இழுங்கள். பத்திலும் இழுத்தால் கை நடுங்கும்.

2. சேலைக் கரை: பிரெஞ்சு ரிப்பில் நுனிக்கு வெள்ளை அடிப்பார்கள். அந்த இடத்தில் அரக்கு அடித்து, அதன் கீழ் மயிரளவு தங்கக் கோடு. நீங்கள் கட்டப்போகும் சேலையின் கரையைப் பார்த்தே நிறம் எடுக்கலாம்.

3. பனையோலை: நகத்தின் ஒரு மூலையில் இருந்து விசிறி போல ஐந்து பச்சைக் கோடுகள். யாழ்ப்பாணம் போகாதவருக்கும் பிடிக்கும்.

4. மருதோண்டித் தொப்பி: நுனியில் கடும் செம்பழுப்பு, அடியில் தோல் நிறம். சின்னப் பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி இரண்டையும் கலக்கவேண்டும்.

5. நீலப் பாதை: மொன்றியல் மெற்றோப் பெட்டியின் நீலமும், நடுவில் ஒரு வெள்ளைக் கோடும். பார்க் எக்ஸில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இதற்கு மேலும் ஜெல்தான் வேண்டும் என்பவர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் என் பிழைகளைத் திரும்பச் செய்யாதீர்கள். உள்ளடக்கப் பட்டியல் இல்லாத பெட்டியை வாங்கவேண்டாம். "ஹேமா இல்லை" என்று எழுதியிருந்தால் மெதாக்ரிலேட்டே இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்த ஜெல்லுக்கு அதே கொம்பனி சொல்லும் லைற்றை மட்டும் பாவியுங்கள். வேறு லைற்றில் மேலே காய்ந்து உள்ளே காயாமல் இருக்கலாம். மெல்லியதாகப் பூசுங்கள், முக்கியமாகக் கறுப்பு நிறத்தை, அதற்குள் வெளிச்சம் சரியாகப் போகாது. தோலில் பட்டால், லைற்றுக்குள் வைக்க முதல் அல்ககோல் நனைத்த குச்சியால் துடையுங்கள். கடைசியில் மிஞ்சும் பிசுபிசுப்பும் இறுகாத ஜெல்தான், அதையும் வெறும் விரலால் தொடவேண்டாம். கழற்றும்போது உரிக்கவேண்டாம். உரித்தால் நகத்தின் மேற்தட்டும் சேர்ந்து வரும். அசிற்றோன் பஞ்சு வைத்து, போயில் பேப்பர் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

விரல் கடித்தால், நகம் அடியில் இருந்து கிளம்பினால், இமை வீங்கினால் அன்றைக்கே நிறுத்துங்கள். மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைக்காதீர்கள். 811க்கு அடியுங்கள், அல்லது பார்மசிஸ்ற்றிடம் போங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், ஏச்சு விழுந்தாலும்.

கலியாணம் முடிந்து ஏழு மாதத்தில் மச்சாள் திரும்பவும் கையை நீட்டினார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை, மற்ற இரண்டு பேருக்கும் நடக்கவில்லை. அது அவர்களுடைய அதிர்ஷ்டம், என்னுடைய கெட்டித்தனம் இல்லை. நான் சாதாரண பொலிஷில் சேலைக் கரை போட்டுவிட்டேன். "ஐந்து நாளில் போயிடுமே" என்றார்.

"போனால் வாங்கோ மச்சாள், திரும்பப் போட்டுவிடுறன்" என்றேன்.