பதினோரு பேர் எங்கே?

கலாசாலைக்குக் கட்டிடம் வேண்டுமென்றால் செங்கல் வாங்கலாம். புத்தகசாலை வேண்டுமென்றால் புத்தகம் வாங்கலாம். நல்ல கால்பந்துக் கோஷ்டி ஒன்று வேண்டுமென்றால், பதினோரு பிள்ளைகளை எந்தக் கடையில் போய் வாங்குவது? அதிலும், "படிப்பின் தரத்தில் அணுவளவும் தளர்த்த மாட்டோம்" என்று விரதம் பூண்ட கலாசாலையாயிருந்தால், அங்குள்ள தேகப்பயிற்சி ஆசிரியர் படும் பாடு சொல்லி முடியாது.

சதுரங்கத்துக்கு ஒரு மேதை போதும். டென்னிஸுக்கு இரண்டு பேர் கிடைத்தால் சமாளித்து விடலாம். கால்பந்து அப்படியல்ல. முன்னணியில் ஓடிக் கோல் போடுகிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், கோல் காப்பவன் ஒருவன் இல்லாவிட்டால் அது மாப்பிள்ளை இல்லாத கல்யாணந்தான்.

"மார்க்கைக் கொஞ்சம் குறைத்துக் கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அது பையனுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. பாடம் புரியாத வகுப்பில் அவனை உட்கார்த்தி வைத்தால், நாலு வருஷம் பந்தாடிய பிறகு பட்டமில்லாமல் வீடு திரும்புவான். நடுவில் முழங்கால் பிசகி விட்டாலோ, பட்டமும் இல்லை, பந்தும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தகுதி வேறு, தரவரிசை வேறு. ஒரு படிப்பைப் படித்துத் தேறுவதற்கு இவ்வளவு அறிவு வேண்டும் என்பது தகுதி. தகுதியுள்ளவர்களில் யார் முதலில், யார் பிறகு என்பது தரவரிசை. நாம் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக் கொள்கிறோம். சென்னை ஐ.ஐ.டி. ஸ்தாபனம் 2024-ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்கத் துணிந்தது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கென்று 2 இடங்களை அதிகப்படியாக ஏற்படுத்தி, அவற்றில் ஒன்றைப் பெண்களுக்கே வைத்தது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பரீட்சையில் தேறித் தரப்பட்டியலில் இடம் பெற்றே ஆகவேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டியவர்களை விளையாட்டின் சிறப்பைக் கொண்டு வரிசைப்படுத்துகிறார்கள். கோடு தாழவில்லை, கோட்டுக்கு மேலே நிற்கும் வரிசைதான் மாறியது. முதலாண்டில் இப்படிச் சேர்ந்தவர்கள் 5 பேர். ஐவருமே கால்பந்து ஆடுகிறவர்கள் என்று வைத்துக் கொண்டாலும், கோஷ்டிக்கு இன்னும் 6 பேர் குறைகிறார்கள் அல்லவா?

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டுச் சர்வகலாசாலைகள் 'ஐவி லீக்' என்ற கூட்டமாகச் சேர்ந்திருக்கின்றன. விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் கொடுப்பதில்லை என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. அவர்கள் 'புட்பால்' என்று சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக் கொண்டு ஓடும் வேறு ஆட்டம். ஆனாலும் தொல்லை ஒன்றுதான். ஆகையால் அங்குள்ள பயிற்சியாளர்கள் சேர்க்கைக் காலம் வரையில் காத்திருப்பதில்லை. பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவன் ஆட்டத்தையும் மார்க்கையும் சேர்த்துப் பார்த்து வைத்துக் கொள்கிறார்கள்.

இரண்டும் ஒரே பிள்ளையிடம் அமையுமா என்று சந்தேகிப்பவர்கள் தாலிமேரன் ஆவோவை நினைத்துக் கொள்ளட்டும். நாகர் மலைப் பிரதேசத்தில் பிறந்த அவர், தகப்பனாரின் விருப்பப்படி வைத்தியம் படிக்கக் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே மோகன் பகான் கோஷ்டியின் தலைவரானார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கொடியை ஏந்தி முன்னே நடந்தவரும், நமது கால்பந்துக் கோஷ்டிக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடிய அந்தக் கோஷ்டி, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. அப்போது ஆவோ இன்னும் வைத்திய மாணவர்! பிற்பாடு பட்டம் பெற்று, சொந்தப் பிரதேசத்துக்குத் திரும்பி, டாக்டராகவே உழைத்தார்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் நம்மிடம் இல்லையா? எங்கள் சேத்தியாத்தோப்பையே எடுத்துக் கொள்ளுங்கள். வெள்ளாறும், அணைக்கட்டும், சர்க்கரை ஆலையும், கரும்பு வண்டிகளும் உள்ள ஊர். 1929-ல் தோன்றிய அண்ணாமலைச் சர்வகலாசாலை பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் பந்தின் பின்னால் ஓடும் பையன்களை எண்ண முடியாது. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் மறைந்து விடுகிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும், தேகப்பயிற்சி வகுப்பைக் கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்குகிறார். அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை!

என்னிடம் படித்த பையன் ஒருவன் அருமையாகக் கோல் காப்பான். கணக்கிலும் கெட்டிக்காரன். பதினோராம் வகுப்பில், ஜில்லாத் தேர்வுக்குப் போக வேண்டிய தினத்தில், தகப்பனார் அவனை டியூஷனுக்கு அனுப்பி விட்டார். "ஸார், பந்து சோறு போடுமா?" என்று கேட்டார். கரும்பு விலையும் கடனும் அறிந்த குடியானவர், கேள்வி நியாயமானதுதான். பையன் நல்ல மார்க்கே வாங்கினான். ஆயினும் அவன் ஆசைப்பட்ட பொறியியல் கலாசாலை ஒரு சொற்ப வித்தியாசத்தில் கை நழுவிப் போயிற்று. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கியிருப்பது அப்புறந்தான் அந்த வீட்டாருக்குத் தெரிந்தது. அதற்கு விண்ணப்பம் போடவோ, கையில் ஒரு சான்றிதழும் இல்லை. அந்த இடம் அவனுக்கே கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. வரிசையில் நிற்கும் உரிமையையே இழந்தான் என்கிறேன்.

கலாசாலைகள் ஜூன் மாதத்தில் பதினோரு பேரைத் தேடிப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடங்களுக்கு வந்து பார்க்க வேண்டும். நன்றாக ஆடும் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் பலவீனம் என்று விசாரித்து, அதற்கும் உதவ வேண்டும். பள்ளிக்கூடங்கள் தேகப்பயிற்சி வகுப்பைத் தொடாமல் விட வேண்டும். மற்றது பெற்றோர் கையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளையை மைதானத்துக்கு விடுங்கள். பெண்ணாயிருந்தாலும் விடுங்கள். ஜில்லாப் போட்டி, மாகாணப் போட்டி என்றால் மனமுவந்து அனுப்பி, கொண்டு வரும் சான்றிதழை மார்க்கு அட்டையுடன் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். இருட்டிய பிறகு பிள்ளை புழுதிக் காலோடு வந்தால், கால் அலம்பச் சொல்லிச் சோறு போட்டுப் பிறகு புத்தகத்தை எடுக்கச் சொல்லலாம். ஒரு மணி நேரம் ஓடி வந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறுவதை நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன்.