மாடியில் ஷீட் போடப் போகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் இந்த வருடம் மட்டும் நாலு வீட்டு மாடியில் ஓடு டிசைன் ஷீட் ஏறியிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் போடுகிறவர்கள் கேட்பதெல்லாம் எந்தக் கம்பெனி, என்ன கலர், சதுர அடி என்ன ரேட் என்பதுதான். கீழே நிற்கிற இரும்புச் சட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால், ஷீட்டில் கொஞ்சம் குறைத்தாவது சட்டத்துக்குச் செலவழியுங்கள் என்பேன்.

மங்களூர் ஓடு தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும். சதுர மீட்டருக்கு 35 கிலோவுக்குக் குறையாது. இந்த ஷீட் 5 கிலோகூட வராது. அந்தக் காலத்துத் தச்சருக்குக் கூரை இறங்கிவிடக் கூடாதே என்ற கவலை. இப்போது அது எழும்பிவிடக் கூடாதே என்ற கவலை வேண்டும்.

கணக்கு வாத்தியார் புத்தி, போட்டுப் பார்த்துவிடுகிறேன். ஐ.எஸ். 875 விதிப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் 1500 நியூட்டன். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ! கட்டடத்தின் அமைப்பைப் பொறுத்து இது கூடும், குறையும். பாதி என்றே வையுங்கள். 75 கிலோ இழுப்பில் ஷீட்டின் எடை 5 போக மீதி 70 கிலோவை ஸ்க்ரூவும் பர்லினும் கம்பமும்தான் பிடித்தாக வேண்டும். 2018 நவம்பரில் கஜா வந்துபோன ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பறக்கிற ஷீட் யார் வீட்டில் போய் விழும் என்பதும் நம் கையில் இல்லை.

நான் பார்த்த ஒரு வீட்டில் நாலரை அங்குல கைப்பிடிச் சுவரின் மேல் பிளேட்டை வைத்து, அதில் கம்பத்தை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சுவரே ஒரு தள்ளு தள்ளினால் ஆடும். கம்பம் கீழே இருக்கும் பீமிலோ பில்லரிலோ ஆங்கர் போல்ட்டால் இறங்க வேண்டும். "செலவு கூடும் சார்" என்பார்கள். கூடட்டும்.

அடுத்தது அளவு. எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் இங்கேதான் சோறு போடும். வீடு 20 அடி அகலம், 30 அடி நீளம், நடு முகடு 3 அடி உயரம் என்றால் ஒரு பக்கச் சரிவு 10 அடி இல்லை, 10.44 அடி. இறவாரத்துக்கு ஒன்றரை அடி சேர்த்தால் 12 அடி ஷீட். நீளத்தில் இருபுறமும் ஓரடி நீட்டினால் 32 அடி. ஷீட்டின் மொத்த அகலத்தை எடுக்காதீர்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறியது போக மூடுகிற அகலத்தை எடுங்கள். அது 3.3 அடி என்றால் பக்கத்துக்கு 10, மொத்தம் 20 ஷீட். 600 சதுர அடி வீட்டுக்கு 792 சதுர அடி ஷீட் ஆகிறது. ஆகவே ரேட் பேசும்போது எந்தச் சதுர அடிக்கு என்று முதலில் கேளுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

ஓடு டிசைனில் இன்னொன்று உண்டு. படிப்படியாக மடிப்பு இருக்கிறது அல்லவா? பர்லின் இடைவெளி அந்தப் படியோடு பொருந்த வேண்டும். கண்டபடி வைத்தால் ஸ்க்ரூ அந்தரத்தில் இறங்கும், மிதித்தால் ஷீட் குழியும். எனவே ஷீட்டின் படி அளவு கைக்கு வந்த பிறகே பர்லினை வெல்டு வைக்கச் சொல்லுங்கள்.

தடிமன் 0.5 என்றால் பெயிண்டோடு சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேட்டு, எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். பைப்பின் தடிமன், பர்லின் இடைவெளி, ஸ்க்ரூ எண்ணிக்கையும் அதிலேயே வரட்டும். ஓரங்களிலும் முகட்டிலும் காற்று அதிகமாக இழுக்கும், அங்கே ஸ்க்ரூ நெருக்கமாக வேண்டும். ஜி.ஐ. பைப்பில் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். ஷீட் ஏறுமுன் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடச் சொல்லுங்கள், பிறகு அங்கே கை எட்டாது.