பானையோட்டைப் படிக்கிறோம், பிள்ளையைப் படிப்பதில்லை

சுத்துக்கேணி என்ற பெயர் இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திருந்தால், அது பெரும்பாலும் ஈமச்சின்னங்களால்தான். கசால் இணையர் 1956இல் வெளியிட்ட அகழாய்வு நூல் அவ்வூரை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தியது. உடைந்த ஓட்டின் நிறத்தையும் கீறலையும் வைத்துக்கொண்டு ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வாழ்வைப் பேசுவதில் நமக்கு அலுப்பே வருவதில்லை. அதே வில்லியனூர் வட்டத்தில் இன்று உயிரோடு நடமாடும் குழந்தையின் உடலிலும் மௌனத்திலும் தெரியும் குறிகளைப் படிக்க மட்டும் நமக்குக் கண் வருவதில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

2020இன் பிற்பகுதியில் அந்த வட்டத்துக் கீழ்சாத்தமங்கலத்தில், வாத்துப் பண்ணை ஒன்றிலிருந்து இருளர் சிறுமியர் ஐவர் மீட்கப்பட்டனர். சொற்பப் பணத்துக்கு ஈடாகக் கொத்தடிமைகளாக்கப்பட்டு வாத்து மேய்த்தவர்கள். பாலியல் கொடுமையும் நிகழ்ந்ததாகப் புகார் எழ, போக்சோ சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகிப் பலர் கைதாயினர். வாத்து மேய்ப்பது மறைவில் நடக்கும் தொழிலன்று; அறுவடை முடிந்த வயலில், ஊரறிய நடப்பது. கோலும் கையுமாக நிற்கும் பிள்ளையை எவரும் பார்க்கவில்லை என்று நம்ப நாங்கள் தயாராக இல்லை. பார்த்ததற்கு வேறு பெயர் வைத்துக்கொள்வதுதான் நம் வழக்கம்: "ஏழைப்பட்டதுங்க, என்ன செய்யும்", "அதுங்க பழக்கம் அப்படி".

பெயர் மாற்றிப் பார்ப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயன்று. குழந்தைகளின் எலும்பு முறிவுகளை மேலை நாட்டு மருத்துவர்கள் ஊடுகதிர்ப் படங்களில் பல ஆண்டுகள் கண்டும், அடித்தவர் பெற்றோராக இருக்கலாம் என்று எண்ணத் துணியவில்லை. 1962இல் ஹென்றி கெம்ப்பும் அவர் தோழர்களும் அதற்குப் பெயரிட்டு எழுதிய பின்னரே உலகம் விழித்தது.

குறிகள் அரியவையல்ல. விளக்கம் பொருந்தாத காயம், பருவம் தாண்டியும் திடீரெனத் திரும்பும் படுக்கை நனைத்தல், குறிப்பிட்ட ஓர் உறவினரைக் கண்டதும் ஒடுங்குதல், வயதுக்கு ஒவ்வாத பாலியல் சொற்கள், ஓயாத பசி, மருந்திடாத புண், காரணமின்றி நீளும் பள்ளி விடுப்பு. இவற்றுள் ஒன்று மட்டும் எதையும் நிறுவிவிடாது. ஆனால் சேர்ந்து வரும்போதும் "அடக்கமான பிள்ளை" என்று மெச்சுகிறோமே, அந்த மெச்சலைத்தான் கண்டிக்கிறோம். வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். கஞ்சியைப் பகிர்ந்து பிள்ளைக்கு முதலில் ஊற்றும் தாய் ஏழையே தவிர, குற்றவாளி அல்லள்.

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது புதுச்சேரியே தெருவுக்கு வந்தது. அந்தச் சினம் நியாயமானது. ஆனால் தூக்குக் கயிறு கேட்ட நாம், அடுத்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை அதன்பின் உற்றுப் பார்த்தோமா? பதிவாகும் போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. நாமோ இன்னமும் அயலூர் அரக்கனைத் தேடுகிறோம்.

"சந்தேகத்தின் பேரில் ஒருவர் மானத்தைக் கெடுப்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் நம்மிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கக்கூடும் என அஞ்சினாலோ காவல்துறைக்குத் தெரிவி என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்கு அதே பிரிவு பாதுகாப்பும் தருகிறது. தெரிந்தும் சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை விதிக்கிறது. 1098 என்ற எண்ணை அழைக்கக் கட்டணமில்லை. மெய்ப்பிப்பது விசாரிப்பவர் வேலை. வாய் திறப்பது நம் வேலை.

குழந்தைமையின் களங்கமின்மையைப் பாடாத கவிஞர் தமிழில் குறைவு. பாடட்டும். ஆனால் வயல் வரப்பில் பள்ளி வயதுப் பிள்ளையைக் கண்டால் கவிதைக்குக் குறிப்பெடுக்கும் முன், உன் பெயர் என்ன, எந்த ஊர், சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். விடை வரத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் விடையாகக் கொண்டு தொலைபேசியை எடுக்கட்டும்.