ரீஃபண்டில் பங்கு கேட்பதை நிறுத்த வேண்டும்: வரி ஆலோசகர் சங்கத்தின் நிலைப்பாடு

ஜூலை பிறந்தால் எங்கள் அலுவலகங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "பக்கத்து சீட்டுக்காரருக்கு நாற்பதாயிரம் ரீஃபண்ட் வந்திருக்கு சார், எனக்கு ஏன் ஒண்ணும் வரல?" ஃபார்ம் 16ஐ மேசையில் வைத்துவிட்டு இப்படிக் கேட்பவர் ஏமாற்றுக்காரர் அல்ல, மாதச் சம்பளக்காரர். பக்கத்து சீட்டுக்காரரின் ரிட்டர்னைப் போட்டுக்கொடுத்தவர், அவர் கொடுக்காத வாடகையையும் பெயர்கூடத் தெரியாத கட்சிக்கு அளித்த நன்கொடையையும் எழுதி, வந்த பணத்தில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்திருப்பார்.

இந்தப் பங்குக் கூலியைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. பொய் பெருத்தால் கூலியும் பெருக்கும் என்றிருக்கும்வரை, வரி கட்டுபவருக்கு மட்டும் நேர்மையை உபதேசித்துப் பயனில்லை.

2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை போட்டது. சில முகவர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரி திறந்து, ரிட்டர்ன்களை மொத்தமாகப் போட்டுவிட்டு அந்த முகவரியையே கைவிட்டிருந்தார்கள். நோட்டீஸ் போகும்; படிக்க ஆளிருக்காது. பான் எண் யாருடையதோ அவர் தலையில்தான் விடியும். வருமானத்தைத் தவறாகக் காட்டியதென்று முடிவானால் அபராதம், அதற்கான வரியைப்போல் இருமடங்கு.

அந்தச் சோதனை பற்றிய துறையின் அறிவிப்பில் எங்கள் கண்ணில் பட்டது வேறொன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளை விலக்கிக்கொண்டார்கள். துறை அனுப்பிய நினைவூட்டல்கள் வேலை செய்கின்றன. அவற்றைத் தமிழிலும் அனுப்பினால் இன்னும் பலர் திருத்துவார்கள்.

திருத்த வழியும் இருக்கிறது. புதுப்பித்த ரிட்டர்னை நான்கு ஆண்டுவரை போடலாம். முதல் ஆண்டுக்குள் என்றால் கூடுதல் வரி 25 சதவீதம், நான்காம் ஆண்டில் 70. தள்ளிப்போடப் போட ஏறுவது நியாயமே. நாங்கள் எதிர்ப்பது மன்னிப்புத் திட்டங்களை. 1997இல் வட்டியும் அபராதமும் இல்லாமல் கணக்கில் வராத வருமானத்தை அறிவிக்கவிட்டார்கள். 2016இல் 45 சதவீதம் வாங்கிக்கொண்டு மறுபடி ஒன்று. ஒழுங்காகக் கட்டியவர், "அப்ப நாங்க ஏமாளியா?" என்று கேட்டால் எங்களிடம் பதிலில்லை.

இந்தப் பருவத்திலிருந்து எங்கள் உறுப்பினர்கள் தங்கள் கட்டணத்தை ரூபாய்க் கணக்கில் எழுதி வாசலிலேயே ஒட்டுவார்கள். ஏ.ஐ.எஸ். எனும் ஆண்டுத் தகவல் அறிக்கையைக் கட்சிக்காரர் எதிரிலேயே திறந்து, மறந்துபோன டெபாசிட் வட்டிவரை சரிபார்ப்பார்கள். ரிட்டர்னில் பதியும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கட்சிக்காரருடையதாகவே இருக்கும்.